ஐந்து சுரம், எட்டு நிமிடம்: முதல் ஆம்பியன்ட் இசையைச் செய்து வெளியிடுவது எப்படி

ஆம்பியன்ட் என்பது பின்னணியில் மெல்லப் பரவி நிற்கும் இசை. தாளம் கிடையாது, பல்லவி சரணம் கிடையாது, அதனால் அது சுலபம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் இரண்டாவது நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்து சலிப்புத் தட்டும். அதைச் சரிக்கட்ட மேலே மேலே ஒலிகளை அடுக்குவார்கள். கடைசியில் மிஞ்சுவது சேறு.

இதற்கு 1978-லேயே ஒரு வழி கண்டுவிட்டார் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தொகுப்பின் ஒரு பகுதிக்காக, குரலில் பாடிய ஒற்றைச் சுரங்களைக் காந்த நாடாவில் பதிந்து, நாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டார். ஒரு வளையம் சுற்றிவர இருபத்து மூன்றரை நொடி. இன்னொன்றுக்கு 26 நொடிக்குச் சற்றுக் குறைவு. மற்றொன்றுக்கு 30 நொடிக்குச் சற்றுக் குறைவு. நீளங்கள் ஒத்துப்போகாததால் சுரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் சந்தித்தன. இசை தானாக மாறிக்கொண்டே போனது. அதையே கணினியில் செய்யப்போகிறோம்.

தேவையானவை

சுமாரான மடிக்கணினி, காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், சர்ஜ் எக்ஸ்.டி என்ற சிந்தசைசர் (ஒலியை உருவாக்கும் மென்பொருள்), வல்ஹல்லா சூப்பர்மாசிவ் என்ற எதிரொலிக் கருவி. பின்னவை இரண்டும் இலவசம். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். ஏற்கெனவே வேறு மென்பொருள் பழகியிருந்தால் அதிலேயே செய்யுங்கள், முறை ஒன்றுதான். எந்தச் சிந்தசைசர் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் வீடியோ பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

படி 1: வேகம் 60

புதிய புராஜெக்ட்டைத் திறந்து சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பதை) 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். வேகத்தை 120-இலிருந்து 60-க்கு மாற்றுங்கள். தாளமே இல்லாத இசைக்கு வேகம் எதற்கு? 60-இல் ஒரு அடி என்பது சரியாக ஒரு நொடி. 17 நொடி வளையம் வேண்டுமென்றால் 17 கட்டம் எண்ணினால் போதும்.

படி 2: ஒலியை உருவாக்குதல்

ஒரு டிராக்கில் (ஒரு ஒலிக்கான தனி வரிசையில்) சர்ஜ் எக்ஸ்.டி-யை ஏற்றி வெறுமையான தொடக்க ஒலியைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு ஆசிலேட்டர்களிலும் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதிகள்) ரம்பப்பல் அலை. இரண்டாவதின் சுருதியை 7 சென்ட் மட்டும் ஏற்றுங்கள் (100 சென்ட் ஒரு அரைச் சுரம்). அது கேட்கவே இல்லையென்றால் மிக்சர் பகுதியில் மியூட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 220 ஹெர்ட்ஸ் சுரத்தில் இந்த 7 சென்ட் வித்தியாசம் நொடிக்குக் கிட்டத்தட்ட 0.9 தடவை ஏறி இறங்கும் அலையாகக் கேட்கும். ஒலிக்கு உயிர் வருவது அதனால்தான். 20 சென்ட் வைத்தால் நடுக்கம் வேகமாகி, சுருதி விலகியதுபோல் கேட்கும்.

அடுத்து லோ-பாஸ் ஃபில்டர் (கீழ் அதிர்வுகளை விட்டு மேலே உள்ளதை வடிகட்டுவது), சுமார் 700 ஹெர்ட்ஸில். ஒலி எழ 3 நொடி, விட்டபின் அடங்க 6 நொடி. ஒரு எல்.எஃப்.ஓ-வை (மற்ற அமைப்புகளை மெல்ல ஏற்றி இறக்கும் அலை) 0.05 ஹெர்ட்ஸில், அதாவது 20 நொடிக்கு ஒரு சுற்று என்று வைத்து, ஃபில்டரை லேசாக அசைக்க விடுங்கள். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எல்.எஃப்.ஓ ஒவ்வொரு சுரத்துக்கும் முதலிலிருந்து தொடங்கும் நிலையில் இருந்தால் எல்லாச் சுரமும் அச்சு அசலாக ஒரே மாதிரி வரும், உழைப்பு வீண். அதை 'ஃப்ரீரன்' நிலைக்கு மாற்றுங்கள்.

படி 3: சுரங்களும் வளையங்களும்

எந்தச் சுரம் எதனோடு மோதும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே எது எதனோடு சேர்ந்தாலும் உறுத்தாத சுரக்கூட்டம் வேண்டும். மோகனம் கச்சிதம்: ச ரி க ப த. அரைச் சுர இடைவெளி எதுவும் இதில் இல்லை. ம, நி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், க-வும் ம-வும் அருகருகே விழும்போது உரசும். அந்த உரசல் பிடித்திருந்தால் அடுத்த படைப்பில் வைத்துக்கொள்ளலாம்.

சர்ஜ் இருக்கும் டிராக்கை ஐந்தாகப் படியெடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மிடி துண்டு (எந்தச் சுரம், எப்போது என்ற குறிப்பு), அதில் 6 நொடி நீளமுள்ள ஒரே ஒரு சுரம். ச-வை நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யாக வைத்தால், ப அதற்கு மேலுள்ள ஜி, த அடுத்த ஏ. ரி, க இரண்டும் நடு சி-க்கு மேலுள்ள டி, ஈ.

துண்டுகளின் நீளம்: ச 17 நொடி, ப 19, த 23, ரி 29, க 31. எல்லாம் பகா எண்கள். ஐந்தும் ஒன்றாகத் தொடங்கினால், மறுபடி அதே வரிசைக்கு வர 66,78,671 நொடி ஆகும். 77 நாளுக்கு மேல். கீழ்ச் சுரம் அடிக்கடியும் மேல் சுரம் அரிதாகவும் வருவது வேண்டுமென்றே செய்தது. திருப்பிப் போட்டால் மேல் சுரம் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

துண்டின் வலது ஓரத்தைப் பிடித்து எட்டு நிமிடம் வரை இழுங்கள். ரீப்பர் அதைத் தானே திரும்ப ஒலிக்கும். இழுத்த இடம் வெறுமையாக இருந்தால் எஃப்2 அழுத்தி 'லூப் சோர்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

ஐந்தையும் பூஜ்ஜியத்தில் தொடங்காதீர்கள். முதல் நொடியிலேயே ஐந்து சுரமும் ஒன்றாக, முழு கார்டாக வந்து விழுந்துவிடும். ச 0, ப 5, த 11, ரி 16, க 24-வது நொடி என்று தள்ளி வையுங்கள். இப்போது ச-வும் ப-வும் ஒன்றாக எழுவது 119-வது நொடியிலும் 442-வது நொடியிலும் மட்டுமே. இயக்கிச் சரிபாருங்கள். வேறு இடத்தில் சந்தித்தால் ஏதோ ஒரு துண்டின் நீளம் தவறு.

படி 4: எதிரொலி

ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனியாக எதிரொலிக் கருவியைப் போடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கணினி திணறும், ஒலியும் கலங்கும். தனியாக ஒரு டிராக் திறந்து அதில் மட்டும் சூப்பர்மாசிவை வைத்து, மற்ற ஐந்திலிருந்தும் 'சென்ட்' (send, ஒலியின் நகலை வேறு டிராக்குக்கு அனுப்பும் வழி) மூலம் சுமார் மைனஸ் 10 டெசிபெல்லில் அனுப்புங்கள். சூப்பர்மாசிவில் மிக்ஸ் 100 சதவீதம் இருக்க வேண்டும். குறைத்தால் எதிரொலி கலக்காத ஒலியும் இரண்டாவது முறை சேர்ந்து வரும். டென்சிட்டியைக் கூட்டினால் மிருதுவான பரவல், குறைத்தால் தனித்தனி எதிரொலி. ஃபீட்பேக்கை (எதிரொலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது) 60-இல் தொடங்கி ஏற்றிப் பாருங்கள். உச்சிக்குக் கொண்டுபோனால் பழைய சுரம் அடங்குவதற்குள் புதியது ஏறி உட்காரும். பகா எண்களை வைத்துச் செய்த வேலையெல்லாம் அதில் கரைந்துபோகும்.

சூப்பர்மாசிவுக்கு முன்னால் ஒரு ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி): 180 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். அதற்குப் பிறகும் மந்தமாகக் கேட்டால் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் குறையுங்கள். ஆம்பியன்ட் படைப்புகள் சேறாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படி 5: ஒரு சூழல் ஒலி

மழை, மின்விசிறி, இரவுப் பூச்சிகள், ஏதாவது ஒன்று. இரண்டு வேண்டாம். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மைக் மேல் ஒரு பருத்தி காலுறையை மாட்டிப் பதியுங்கள். காற்று அடிக்கும் சத்தம் குறையும். பல கைபேசிகளின் பதிவுச் செயலி, பேச்சைத் தெளிவாக்குவதாக நினைத்து மழையை இரைச்சல் என்று வடிகட்டிவிடும். அந்த வசதியை அணைத்து, வேவ் (சுருக்கப்படாத ஒலிக் கோப்பு) வடிவில் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள். வீட்டுக்குள் பதிந்தால் மின்சாரத்தின் 50, 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் கூடவே வரும். அந்த இரண்டு இடத்திலும் குறுகலாக வெட்டினால் போய்விடும். இதன் ஒலியளவு, நிறுத்தினால் மட்டுமே அது இருந்தது தெரியும் என்ற அளவுக்கு இருக்கட்டும்.

படி 6: வெளியே எடுத்தல்

எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில், உச்சங்களை அமுக்கும் லிமிட்டரைப் போட்டு நசுக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை இயல்பு நிலையில் எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவை) அளவுக்குக் கொண்டுவருகிறது. சத்தமாகக் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மைனஸ் 18-ஐ ஒட்டி இருந்தால் போதும், உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. கடைசி 30 நொடியில் ஒலியை மெல்லக் குறைத்து, 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். ரெண்டர் (கோப்பாக எடுக்கும்) சாளரத்தில் 'டெயில்' என்பதை 15,000 மில்லிநொடி வையுங்கள், இல்லையேல் எதிரொலியின் வால் கத்தரித்ததுபோல் அறுந்துவிடும். நிமிடத்துக்குச் சுமார் 17 எம்.பி. வரும்.

பிறகு ஒரு நாள் விட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டே குறைந்த ஒலியில் கேளுங்கள். எங்கே கவனம் திரும்புகிறதோ அந்த நொடியைக் குறித்துக்கொண்டு, அங்கே உறுத்துவதைத் திருத்துங்கள்.

படி 7: வெளியிடுதல்

தனிக் கலைஞருக்கு முதல் இடம், இசையை நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் பங்கு 15 சதவீதம். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாள்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். வெளியீட்டை அந்த நாளுக்கு வைக்கலாம்.

ஸ்பாட்டிஃபை கணக்கு வேறு. 30 நொடி கேட்டால் ஒரு ஸ்ட்ரீம். இருபது நிமிடப் படைப்புக்கும் மூன்று நிமிடப் பாட்டுக்கும் அதே ஒன்றுதான். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் எட்டாத டிராக்குக்குப் பணமே இல்லை. எனவே முழு நீளத்தைப் பேண்ட்கேம்ப்பில் வைத்து, மூன்று நான்கு நிமிடப் பகுதியை மட்டும் ஸ்ட்ரீமிங்குக்கு அனுப்புவது நியாயமான ஏற்பாடு. யாரோ செய்து விற்கும் ரெடிமேட் லூப்களைப் பயன்படுத்தியிருந்தால் யூடியூப் கன்டென்ட் ஐ.டி-யில் (வீடியோக்களில் உங்கள் இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு) பதியாதீர்கள். அதே லூப்பை வாங்கிய வேறொருவரின் வீடியோ மீது உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போய் நிற்கும்.

யாரைப் பின்தொடர்வது

தனிக் கலைஞர்களைவிட லேபிள்களை (இசை வெளியீட்டு நிறுவனங்களை) பின்தொடர்வது லாபம். ஒன்றைப் பிடித்தால் பத்துப் பேர் அறிமுகமாவார்கள். நியூயார்க்கில் டெய்லர் டியூப்ரீ 1997-இல் தொடங்கிய 12கே, சிகாகோவின் கிராங்கி, பிரிஸ்பேனில் லாரன்ஸ் இங்கிலிஷ் நடத்தும் ரூம்40 மூன்றும் நல்ல தொடக்கம். கேட்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வையுங்கள்: எந்த ஒலி எத்தனை நொடிக்கு ஒருமுறை திரும்புகிறது? கடிகாரத்தோடு உட்கார்ந்து எண்ணலாம், தவறில்லை.

செய்தே பழக விரும்புகிறவர்களுக்கு டிஸ்க்வயட் ஜுன்டோ இருக்கிறது. மார்க் வைடன்பாம் 2012 ஜனவரியிலிருந்து நடத்தும் இணையக் குழு. வியாழன்தோறும் ஒரு சிறு இசைப் பணி அறிவிப்பார்கள், திங்கள் இரவுக்குள் முடித்துப் பதிவேற்ற வேண்டும். கட்டணம் கிடையாது, எந்த வாரமும் சேரலாம். முதல் வாரம் மேலே செய்த ஐந்து டிராக் கோப்பையே படியெடுத்து, வளைய நீளங்களையும் சூழல் ஒலியையும் மட்டும் மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். நாலு நாளில் புதிதாக ஒலி தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.