12 அங்குல ஊபருக்கு வீட்டிலேயே பெட்டி அடிப்பது: அளவு, வெட்டு, குழாய்

நல்ல ஊபரை (பேஸ் ஸ்பீக்கரை) வாங்கிக் கிடைத்த பெட்டிக்குள் பூட்டிவிட்டு, "பேஸ் காணாது" என்று அம்ப்பை (அம்ப்ளிஃபயரை) மாற்றுகிறவர்கள் கனபேர். பெரும்பாலும் பிழை அம்ப்பில் இல்லை. பெட்டிக்குள் எத்தனை லீற்றர் காற்று இருக்கிறது, குழாய் எவ்வளவு நீளம், எங்கே காற்று ஒழுகுகிறது என்ற மூன்றிலும்தான் சத்தம் நிற்கும். கீழே இருப்பது வீட்டு அறைக்கான 60 லீற்றர் பெட்டி. ஊபரும் குழாயும் முன்பலகையில் வரும். குழாயின் நீளம், பெட்டியின் சுருதி 34 ஹேர்ட்ஸில் நிற்கிற மாதிரி. வாளும் ட்ரில்லும் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஊபரின் தாளைப் பாருங்கள்

ஊபரோடு வரும் தாளில் எஃப்.எஸ் (Fs), கியூ.ஈ.எஸ் (Qes) என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதை இரண்டாவதால் பிரியுங்கள். விடை 50க்குக் கீழே வந்தால் குழாய் இல்லாத மூடிய பெட்டிதான் அந்த ஊபருக்கு. 90க்கு மேலே வந்தால் குழாய்ப் பெட்டி. இடையில் வந்தால் இரண்டும் ஓடும். தாளே இல்லாத மலிவு ஊபர் என்றால், அதில் பரிசோதனை செய்யாமல் 30 லீற்றர் மூடிய பெட்டி அடியுங்கள். அது கேட்கச் சுமாராக இருந்தாலும் ஊபரைக் கிழிக்காது.

முதிரையில் அடித்தால் என்ன?

வன்னியில் இதைக் கேட்காத ஆள் இல்லை. முதிரை, பாலை, தேக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கடைப் பலகை எதற்கு என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் வேண்டாம். முழுமரப் பலகை மாரியில் குறுக்காக ஊதும், கோடையில் சுருங்கும். கதவு நிலைக்கு அது பரவாயில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் மூட்டு ஒரு மயிரிழை திறந்தால் போதும், காற்று சீறத் தொடங்கிவிடும். ஆசை தீராவிட்டால் கால்களை முதிரையில் செய்யுங்கள்.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, சமதளமானது, வெட்டுவதும் சுகம். ஆனால் தண்ணீர் பட்டால் தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. ஐப்பசி, கார்த்திகையில் சீமெந்து நிலமே ஈரம் கக்கும் வீடுகளுக்கு அது சரிவராது. என் தெரிவு 18 மி.மீ. மரைன் பிளைவூட். வாங்கும்போது விரல் மூட்டால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கள். ஓரிடத்தில் மட்டும் பொள்ளென்று கேட்டால் உள்ளடுக்கில் வெற்றிடம் இருக்கிறது. அந்தப் பலகையை வைத்துவிட்டு அடுத்ததைத் தட்டுங்கள்.

தேவையானவை

18 மி.மீ. பலகை, 4 அடிக்கு 4 அடி (8×4 பலகையில் பாதி)
110 மி.மீ. பிவிசி குழாய், 40 செ.மீ.
2×1 அங்குல ரீப்பை, ஒரு மீற்றர்
வெள்ளை மரக் கம், அரைக் கிலோ
8ஆம் நம்பர் ஸ்குரூ ஆணி, 2 அங்குலம், 60
சிலிக்கன் ரியூப் ஒன்று
ஊபரைப் பூட்ட 5 மி.மீ. போல்ட்டும் பல் வைத்த நட்டும், 8 சோடி
6 மி.மீ. போல்ட் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நட்டு இரண்டு, வாஷர் இரண்டு
2.5 சதுர மி.மீ. வயர், ஒரு மீற்றர்
கதவு இடுக்குக்கு ஒட்டும் ஸ்பொஞ் ரேப்

வெட்டு

உள்ளளவு: அகலம் 33, உயரம் 50, ஆழம் 40 செ.மீ. பெருக்கினால் 66 லீற்றர். இதில் ஊபரின் உடம்பு ஏறத்தாழ 2.5, குழாய் 2.6, உள்ளே வைக்கும் ரீப்பை 0.8 லீற்றரைத் தின்னும். மிச்சம் 60.

துண்டுகள்:

முன், பின்: 36.6 × 53.6, இரண்டு
பக்கங்கள்: 40 × 53.6, இரண்டு
மேல், கீழ்: 33 × 40, இரண்டு

122 செ.மீ. சதுரப் பலகையை முதலில் மூன்று பட்டைகளாகக் கிழியுங்கள்: 40, 40, 36.6. முதல் பட்டையில் இரண்டு பக்கங்களும், இரண்டாவதில் மேலும் கீழும், மூன்றாவதில் முன்னும் பின்னும் வரும். வாள் தின்னும் 3 மி.மீ. சேர்த்தாலும் பலகை காணும். இரண்டாவது பட்டையில் மிஞ்சும் துண்டை எறியாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

வெட்ட முன் பலகையின் தடிப்பை அளந்து பாருங்கள். 18 என்று விற்பது 17 ஆகவும் இருக்கும். 17 என்றால் முன், பின் துண்டுகள் 36.4 × 53.4, பக்கங்களின் உயரம் 53.4. மற்றவை மாறாது.

மேசை வாள் உள்ள மரக் கடையில் வெட்டித் தருவார்கள் என்றால் அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள். கைவாளால் 1 மி.மீ. கோணினால் அந்தக் கோணலை எல்லா மூட்டிலும் கம் அப்பித்தான் மூட வேண்டிவரும். கிரைண்டரில் மர பிளேட் போட்டு வெட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிளேட் இறுகி மெசின் கையை விட்டு எகிறினால் மருந்து கட்டத்தான் நேரம் வரும்.

வட்டங்கள்

பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாதீர்கள். ஊபரைக் கவிழ்த்து அதன் கூடையை (பலகைக்குள் இறங்கும் சட்டத்தை) அளந்து, 3 மி.மீ. கூட்டுங்கள். 12 அங்குலத்துக்கு இது பெரும்பாலும் 28 செ.மீ. அளவில் வரும். நடுப்புள்ளி, முன்பலகையின் கீழ் விளிம்பில் இருந்து 19.5 செ.மீ. குழாயின் நடுப்புள்ளி, மேல் விளிம்பில் இருந்து 10 செ.மீ. இரண்டும் அகலத்தின் சரிநடுவில்.

ஒரு மெல்லிய பட்டியில் ஆணியும் பென்சிலும் வைத்து வட்டம் கீறுங்கள். கோட்டுக்கு உட்பக்கம் 10 மி.மீ. துளை போட்டு, ஜிக்சோவை அதற்குள் இறக்குங்கள். தள்ள வேண்டாம். தள்ளினால் பிளேட் வளைந்து, மேலே வட்டமும் கீழே முட்டையுமாக வரும். மிஞ்சிய துண்டில் ஒரு வட்டம் வெட்டிப் பழகிவிட்டு முன்பலகையைத் தொடுங்கள். குழாய்க்கான 11 செ.மீ. ஓட்டைக்கு, தண்ணிக் குழாய் வேலை செய்பவர்களிடம் வட்ட வாள் இருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குக் கேட்டு வாங்குங்கள்.

பொருத்துவது

பக்கம், கீழ், மேல் என்று நாற்சட்டம் கட்டுங்கள். 15 செ.மீ.க்கு ஒரு ஸ்குரூ. 3 மி.மீ. துளை போடாமல் விளிம்பில் ஸ்குரூ ஏற்றினால் பலகை பிளக்கும். கம்மைக் கஞ்சத்தனம் பார்க்காமல் பூசுங்கள். இறுக்கும்போது இரண்டு பக்கமும் முத்து முத்தாகப் பிதுங்கினால்தான் காணும். கிளாம்ப் இல்லாதவர்கள் பழைய சைக்கிள் ரியூப்பை நெடுக வெட்டி, பெட்டியைச் சுற்றி நாலைந்து முறை இழுத்துக் கட்டுங்கள். இந்த வேலைக்கு விலை கூடிய கிளாம்பை விட அது திறம், எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இறுக்கும்.

கம் காய முன், மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் நீளமான பக்கத்தை அழுத்தி நேராக்குங்கள். மாரி காலம் என்றால் ஒரு இரவு போதாது, ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

பின்பலகையை அடுத்ததாக அடியுங்கள். 33 செ.மீ. ரீப்பை இரண்டைப் பக்கத்துக்குப் பக்கம் வையுங்கள். உயரம் அடியில் இருந்து 15, 30 செ.மீ. முன்பலகையில் இருந்து 28 செ.மீ. உள்ளே. இவை பக்கப் பலகை அதிராமல் பிடிக்கும், ஊபரின் காந்தத்திலும் முட்டாது, குழாயின் வாயையும் மறைக்காது. பல் வைத்த நட்டுகளை முன்பலகையின் உட்பக்கம் அடித்து இறக்கிவிட்டுக் கடைசியாக அந்தப் பலகையைப் பூட்டுங்கள். ஊபரை மர ஸ்குரூவால் பூட்டினால் மூன்றாம் முறை கழற்றும்போது துளை பெருத்துப் பிடிக்காமல் போகும்.

உள் மூட்டு எல்லாவற்றிலும் சிலிக்கன் இழுத்து விரலால் தடவுங்கள். ஊபர் ஓட்டையால் கை தாராளமாக உள்ளே போகும். புளித்த வாசம் வரும் சிலிக்கன் என்றால், அந்த வாசம் அடங்கும்வரை, குறைந்தது இரண்டு நாள், ஊபரைப் பூட்ட வேண்டாம். அந்த ஆவி உலோகத்தை அரிக்கும்.

குழாய்: ஆறுதலாகச் செய்ய வேண்டிய இடம்

கணக்கு இதுதான். குழாயின் உள்விட்டத்தை (செ.மீ.) அதாலேயே பெருக்கி, 23,562 ஆல் பெருக்குங்கள். வந்ததை, 34 ஐ 34 ஆல் பெருக்கியதாலும் லீற்றராலும் பிரியுங்கள். விடையில் இருந்து உள்விட்டத்தின் 0.732 மடங்கைக் கழியுங்கள்.

உள்விட்டம் 10.4 என்றால்: 108.16 × 23,562 = 25,48,466. இதை 1,156 × 60 = 69,360 ஆல் பிரித்தால் 36.7. கழிப்பது 7.6. நீளம் 29.1 செ.மீ., முன்பலகையின் தடிப்பும் சேர்த்து.

110 என்பது குழாயின் வெளிவிட்டம். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். 11ஐப் போட்டுக் கணக்குப் பார்த்தால் 33 செ.மீ. வரும், கிட்டத்தட்ட 4 செ.மீ. பிழை. குழாயின் தடிப்பு வகைக்கு வகை மாறும். ஆகவே கடையில் எழுதியதை விட்டு, வாங்கிய குழாயின் வாயில் அடிமட்டத்தை வைத்து உள்விட்டத்தை அளவுங்கள்.

குழாயின் உள்வாய்க்கும் பின்பலகைக்கும் இடையில் குறைந்தது ஒரு உள்விட்டம் வெளி வேண்டும். இந்தப் பெட்டியில் 12.7 செ.மீ. இருக்கிறது. ஆழத்தைக் குறைத்து "அலுமாரிக்குள் போகிற மாதிரி" அடிக்க நினைக்கிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

குழாயை 32 செ.மீ. வெட்டி, கம் போடாமல், இறுக்கமாகச் செருகுங்கள். அடுத்த பகுதியில் சொல்கிறபடி வயரை இணைத்து, ஊபரின் விளிம்பைச் சுற்றி ஸ்பொஞ் ரேப் ஒட்டிப் பூட்டுங்கள். போனில் ஒரே சுருதி ஊதும் செயலி ஒன்றை இறக்கி, போனை அம்ப்பில் இணைத்து, சத்தத்தை நன்றாகக் குறைத்து, 45 ஹேர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்குங்கள். ஊபரின் கூம்பில் சோக்கால் ஒரு பொட்டு வையுங்கள். 45இல் பொட்டு மங்கலாக ஆடும். இறங்க இறங்க ஆட்டம் குறையும். ஓரிடத்தில் பொட்டு அசையாமல் நிற்பது போலத் தெரியும், அதே நேரம் குழாயின் வாயில் பிடித்த ரிசூத் துண்டு படபடக்கும். அந்த எண்தான் உங்கள் பெட்டியின் சுருதி. அதற்குக் கீழே போனால் கூம்பு திரும்பவும், முன்னை விட மோசமாக, ஆடத் தொடங்கும். 25க்குக் கீழே இறங்க வேண்டாம்.

குழாய் நீளம் என்பதால் 33க்குக் கிட்ட நிற்கும். ஒரு செ.மீ. வெட்டினால் ஏறத்தாழ அரை ஹேர்ட்ஸ் ஏறும். வெட்டி, செருகி, திரும்பப் பாருங்கள். 34 வந்ததும் உள்விளிம்பைச் சாண்ட் பேப்பரால் உருட்டிவிட்டுச் சிலிக்கன் வைத்து நிரந்தரமாக ஒட்டுங்கள். கூரான விளிம்பை அப்படியே விட்டால் சத்தம் கூட்டும்போது உஸ் என்று காற்று கேட்கும்.

வயரும் ஒழுக்குச் சோதனையும்

வயர் பூட்டும் பிளாஸ்டிக் ரேமினல் கிண்ணத்துக்குப் பெரிய ஓட்டை வெட்டி, பிறகு அதில் ஒழுகும் காற்றை அடைக்கப் பாடுபட வேண்டாம். பின்பலகையில் 6 மி.மீ. துளை இரண்டு, 5 செ.மீ. இடைவெளியில். போல்ட்டின் தலை உள்ளே, நட்டு வெளியே, வாஷருக்கு அடியில் கொஞ்சம் சிலிக்கன். உள்வயர் தலைக்கடியில், வெளிவயர் இரண்டாவது நட்டுக்கடியில்.

4+4 ஓம் இரட்டைச் சுருள் ஊபரைத் தொடராக இணைத்தால் 8 ஓம், சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம். அம்ப் 2 ஓமுக்கு ஆகும் என்று எழுதியிராவிட்டால் சமாந்தரம் வேண்டாம்.

இனி 40 ஹேர்ட்ஸ் சுருதியை ஒலிக்க விட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூட்டு நெடுகக் கொண்டுபோங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். புகை நேராக ஏறினால் சரி. துடித்தால் அங்கே ஓட்டை. எட்டு மூலைகளும், போல்ட் இரண்டும், ஊபரின் விளிம்பும் ஒன்றும் தப்பக்கூடாது.

பூச்சு உங்கள் விருப்பம். வெட்டு விளிம்புகளுக்கு மட்டும் மரக் கம்மில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து இரண்டு கை பூசிவிட்டு மற்றதைச் செய்யுங்கள். கால் 5 செ.மீ. உயரம் வையுங்கள், ஈரத்துக்கும் கறையானுக்கும் சேர்த்து.

அம்ப்பில் மேல் வெட்டு (அதற்கு மேலே உள்ள சத்தத்தை வெட்டும் திருகு) 80 ஹேர்ட்ஸ். சப்சொனிக் என்று, மிகத் தாழ்ந்த சத்தத்தை வெட்டும் ஒரு திருகு இருந்தால் 28இல் வையுங்கள். குழாய்ப் பெட்டியில் சுருதிக்குக் கீழே கூம்பைப் பிடிக்கக் காற்று இல்லை. அந்தத் திருகுதான் பிடிக்கும்.

பிறகு சேர்த்தது

கறகறப்புக் கேட்டால் பெட்டியை அவிழ்க்க முன் கூரையைப் பாருங்கள். தகரக் கூரையில் வாஷர் தளர்ந்த ஒரு ஆணி போதும், 40 ஹேர்ட்ஸில் ஊபர் கிழிந்த மாதிரியே கேட்கும். ஒருவர் தடியால் தகரத்தை அழுத்திப் பிடிக்க, மற்றவர் அதே சுருதியை விடட்டும். நின்றால் கூரை.

குழாய்க்குள் பல்லி போகும், குளவி மண்கூடு கட்டும். உள்வாயில் ஒரு செ.மீ. கண் உள்ள கம்பி வலை வைத்தால் எலியும் பெரிய பல்லியும் நிற்கும். நுளம்பு வலை வைக்காதீர்கள், அது காற்றை மறித்துப் பேஸைக் கொல்லும். குளவிக்கு, பாவிக்காத நாட்களில் ஒரு துணிப் பந்து. அதை எடுக்க மறந்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள்.

முற்றத்தில் வைத்துப் போட இதே பெட்டி ஆகுமா என்றால், ஆகும், ஆனால் ஏமாறுவீர்கள். அறைச்சுவர் தரும் உதவி வெளியில் இல்லை. அதற்குக் குழாயை 19 செ.மீ.க்கு வெட்டினால் சுருதி 40க்கு வரும், அடி நன்றாகத் தெரியும். அப்போது சப்சொனிக்கை 35க்கு ஏற்ற மறக்க வேண்டாம்.