500 கஜத்தில் மானைச் சுடுமுன் மச்சான் செய்யக்கூடாத தவறுகள்

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு வேட்டையைப் பற்றி எழுதுகிறாயே, உள்ளே போக ஆசையா என்று கேட்காதீர்கள். 1972 வன உயிரினச் சட்டப்படி இப்போது இங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை, ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்குள் வரும் காட்டெருமையைச் சுட்டால் குறைந்தது 3 வருஷம் கம்பி எண்ண வேண்டும். நான் கிளப்பில் பேப்பர் டார்கெட் சுடுகிறவன். அமெரிக்காவில் இருக்கிற மச்சான்தான் லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார், "500 கஜத்துலயே அடிக்கலாம் மாப்ள" என்கிறார்.

மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுட்டதை நம்பி வருகிற பேச்சு இது. 308 என்கிற ரக ரைபிளின் தோட்டா 500 கஜம் போய்ச் சேர முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், அதற்குள் மான் ஒரு எட்டு வைத்துவிட்டால் நெஞ்சுக்குப் போக வேண்டியது குடலில் பாயும், அப்புறம் அது புதருக்குள் படுத்து மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும். இதைச் சரிசெய்ய, குறிபார்க்கிற எந்த ஸ்கோப்பிலும் திருகாணி கிடையாது.

காற்று இன்னும் பெரிய வில்லங்கம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகக் குறுக்குக்காற்று அந்தத் தூரத்தில் தோட்டாவை அரை மீட்டர் தள்ளிவிடும். பலரும் தான் நிற்கிற இடத்துக் காற்றை மட்டும் அளக்கிறார்கள். ஏற்காட்டுப் பகோடா பாயிண்டில் ஒரு காலை நின்று பாருங்கள், பக்கத்துச் சில்வர் ஓக் அசையாது, கீழே சரிவில் அதே மரம் இலையின் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டும், அதற்கும் கீழே அடுப்புப் புகை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இந்த மூன்று காற்றையும் தாண்டித்தான் தோட்டா போக வேண்டும்.

சரிவில் இறக்கிச் சுடும்போது தூரம் அளக்கும் லேசர் கருவி காட்டுவதை அப்படியே எடுத்தால் குண்டு மேலே போகும். 30 டிகிரி சரிவில் 400 கஜம் என்றால் கணக்குக்குக் கிடைமட்டத் தூரமான 346 கஜம்தான். இப்போதைய கருவிகள் பலவும் இதைத் தாமே திருத்திவிடுகின்றன, சரி.

எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்: மான் ஓடிவிட்டது, படவில்லை என்று அடுத்ததைத் தேடுவது. அடிபட்ட மானும் ஓடும். சுடுமுன்பே அது நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறையையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, பள்ளத்தைத் தாண்டிப் போய் ரத்தமும் உதிர்ந்த முடியும் கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் நடக்கச் சோம்பலாக இருந்தால் அங்கிருந்து சுட்டிருக்கவே கூடாது.

மூச்சிரைக்க ஓடிவந்து, உட்கார்ந்து, சுடுகிற முதல் குண்டு ஒவ்வொரு முறையும் டிபன் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை என்று மச்சானிடம் சொன்னேன். போன வாரம் போய்ச் சுட்டுப் பார்த்தாராம். 220 கஜம்.