சீன மலை ஓவிய நகல் வாங்கும்போது செய்யக் கூடாதவை

சீன நிலக்காட்சி ஓவியங்களின் நகல் சுருள்களைப் பற்றி என்னிடம் யோசனை கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். மட்டமான தாள், மங்கிய அச்சு எல்லாம் பார்த்தாலே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுருக்கிய அளவில் வாங்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். ஃபான் குவான் கி.பி. 1000-ஐ ஒட்டி வரைந்த ‘மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள்’ தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டில் வரைந்தது. உயரம் 206 செ.மீ., அகலம் 103 செ.மீ. மேலே ஒரே மலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கீழே வலது ஓரத்தில் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு விரல் நீளம்கூட இல்லாத இரண்டு பேர் வருகிறார்கள். இவர்கள் அவ்வளவு சிறியவர்கள் என்பதால்தான் அந்த மலை மிரட்டுகிறது.

நண்பர் ஒருவர் இதன் ஒன்றரை அடி நகலை நல்ல விலை கொடுத்து வாங்கி, ஹாலில் மாட்டிவிட்டுக் கூப்பிட்டார். “பயணிகள் எங்கே?” என்றேன். தேடித் தேடி ஒரு புள்ளியைக் காட்டினார். அது புதர். பாறை முழுக்க மழைத்துளி போலக் குத்திக் குத்தி வைத்த தூரிகைத் தடங்கள் ஒன்றாகக் கலந்து சாம்பல் பூச்சாகியிருந்தன. இலைகளுக்குள் ஒளிந்திருந்த ஓவியரின் கையெழுத்தை மூலத்திலேயே 1958-இல்தான் கண்டுபிடித்தார்கள். ஒன்றரை அடியில் அதை எங்கே தேடுவது?

ஜப்பானின் நிகென்ஷா பதிப்பகம் அந்த அருங்காட்சியக ஓவியங்களை அசல் அளவிலேயே அச்சிட்டிருக்கிறது. வேறு யாரிடம் வாங்கினாலும் சரி, ஒன்றைக் கேளுங்கள். விற்பவர் சொல்லும் நீளத்தில் ஓவியத்தைச் சுற்றி ஒட்டிய பட்டுக் கரையும் சேர்ந்திருக்கும். கரையைக் கழித்து, ஓவியம் மட்டும் எத்தனை செ.மீ.?

கையில் விரித்துப் பார்க்கும் சுருளைச் சுவரில் மாட்டுவது

வாங் ஷிமெங்கின் ‘ஆயிரம் லி ஆறுகளும் மலைகளும்’ (1113; லி என்பது சீனத் தூர அளவு) ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். மேஜையில் வைத்து, வலமிருந்து இடமாகக் கையெட்டும் அளவுக்கு விரித்து, பார்த்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும்.

லேமினேஷன்

வேண்டாம்.

வெயில் படும் சுவர்

அதுவும் வேண்டாம்.

முத்திரைகளை அழித்த நகல்

சேகரித்தவர்கள் குத்திய சிவப்பு முத்திரைகள் கறையல்ல. ஓவியம் யார் யார் கையில் இருந்தது என்று அவைதான் சொல்கின்றன. ஆனால் சேகரித்தவர் எல்லாம் விவரமானவர் என்று எண்ண வேண்டாம். ஹுவாங் கோங்வாங்கின் ஃபூச்சுன் மலை ஓவியத்தின் பிரதி ஒன்றை அசல் என்று நம்பிய சியான்லாங் பேரரசர், இடம் கண்ட பக்கமெல்லாம் அதில் எழுதித் தள்ளினார். நல்லவேளை, அசல் தப்பியது.