மலைமேல் ஒரு கடற்கரை

கொடைக்கானலில் மே மாதப் பிற்பகல் பலவும் மழைக்கும் மூடுபனிக்கும்தான். வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்குக் கடற்கரைப் படம் செய்யக் கொடுத்தேன்: அலைக்கு நீர்வண்ணம், கரைக்கு மணல், ஓரத்தில் சிப்பி. மறுநாள் காலையில் தாள் அப்பளமாகச் சுருண்டிருந்தது; மணல் பிசுபிசுத்து, தொட்டால் உதிர்ந்தது.

மணல் ராமேசுவரத்திலிருந்து வந்தது. அதில் ஒட்டியிருக்கும் கடல் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பனிக்குள் இருக்கும் வீட்டில் கேட்கவா வேண்டும்! நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, பழைய இரும்புச் சட்டியில் பொலபொலவென்று ஆகும்வரை வறுத்து ஆறவைத்தேன். (வேர்க்கடலை எங்கே என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் சின்னவள்.)

தாளுக்குப் பதில் பழைய காலண்டர் அட்டையின் அச்சடிக்காத பக்கம். முதலில் வெள்ளை மெழுகு கிரேயானால் நுரையை அழுத்தி வரைய வேண்டும். மேலே நீலத்தைத் தடவினால் மெழுகு நீரை ஏற்காது, நுரை தானாக வெளுத்து நிற்கும். பிள்ளைகள் குதித்த இடம் இதுதான். நீலம் நன்றாகக் காய்ந்த பிறகே வெள்ளைப் பசை, அதுவும் தண்ணீர் கலக்காமல். மணலைத் தூவி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி, மறுநாள்தான் மிச்சத்தைத் தட்டிவிட்டோம். அந்த ஓர் இரவு அவர்களைப் பொறுக்கவைப்பதுதான் பெரும்பாடு.

கனமான சிப்பிகளுக்குப் பசை போதவில்லை. அட்டையில் துளையிட்டு நூலால் கட்டினேன். சுருண்ட பழைய படங்களின் பின்புறத்தில் லேசாக ஈரம் தடவி, அகராதிக்கடியில் வைத்ததில் அவையும் ஓரளவு நிமிர்ந்தன. மினுமினுப்புத் தூள் மட்டும் வாங்கித்தர மாட்டேன். சோற்றில்கூட வந்து விழும்.