ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4: முதல் போரை இத்தாலியாக ஆடித் தொடங்குங்கள்

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு நாட்டை நாமே நடத்தும் கணினி விளையாட்டு. அதை முதன்முதலாகத் திறப்பவருக்கு உலக வரைபடம் முழுக்கச் சின்னங்களும் எண்களும்தான் தெரியும். பத்து நிமிடம் முழித்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் உண்டு. எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு ஆடலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு சின்னப் போரை ஒழுங்காக நடத்திப் பாருங்கள், மற்றது மெல்லப் பிடிபடும். அதற்கு ஏற்ற போர், இத்தாலி எத்தியோப்பியா மீது தொடுத்தது.

முதல் படி: நாடும் நாளும்

விளையாட்டில் இரண்டு தொடக்க நாட்கள் உண்டு: 1936 ஜனவரி 1, 1939 ஆகஸ்ட் 14. இரண்டாவதை எடுத்தால் மூன்று வாரத்துக்குள் போலந்தில் போர் வந்துவிடும், கற்றுக்கொள்ள நேரமே இருக்காது. 1936-ஐ எடுங்கள். நாடு, இத்தாலி. 1935 அக்டோபரில் முசோலினி தொடங்கிய போர் அப்போது நடந்துகொண்டிருக்கிறது. எதிரி ஒரே நாடு, களமும் சிறியது. ஜெர்மனியை எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நானும் அதைத்தான் முதலில் எடுத்தேன். நூற்றுக்கு மேற்பட்ட டிவிஷன்களோடு (பல ஆயிரம் வீரர் கொண்ட படைப்பிரிவுகள்) ரஷ்யாவுக்குள் போன பிறகு, ஏன் தோற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

கணினி நடத்தும் நாடுகள் வரலாற்றுப்படி நடக்கும் தேர்வை இயக்கி வையுங்கள். அயர்ன்மேன் முறை வேண்டாம். அது இல்லாவிட்டால், சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போய் வேறு மாதிரி செய்து பார்க்கலாம்.

இரண்டாம் படி: நேரத்தை நிறுத்துங்கள்

ஸ்பேஸ் பாரை அழுத்தினால் காலம் நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். இந்த விளையாட்டில் காலம் மணிக்கணக்கில் நகர்கிறது. வேகம் ஐந்து வகை. முதல் ஆட்டத்தில் மூன்றைத் தாண்டாதீர்கள். காலம் நின்றிருக்கும்போதே எல்லா ஆணைகளையும் தரலாம். ஏதாவது புரியவில்லையா, நிறுத்திவிட்டு அந்த எண்ணின் மேல் சுட்டியை வையுங்கள். அது எங்கிருந்து வந்தது, எதனால் குறைகிறது என்று விளையாட்டே சொல்லும்.

மூன்றாம் படி: ஆராய்ச்சியும் தேசிய இலக்கும்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். தேசிய இலக்கு மரத்தில், அதாவது நாடு அடுத்து எதைச் செய்யலாம் என்று கிளைகளாகக் காட்டும் திரையில், ஒன்றைத் தேர்ந்தால் பெரும்பாலும் 70 நாளில் முடியும். தொழில் வளர்ச்சி தருவதாகப் பார்த்து எடுங்கள். ஆராய்ச்சியில் தொழில்துறை, கட்டுமானம், காலாட்படைத் துப்பாக்கி மூன்றும் முதலில். எதிர்கால ஆண்டு குறித்த தொழில்நுட்பத்தை முன்கூட்டியே தொட்டால் தண்டனையாகக் கூடுதல் நாள் பிடிக்கும். அந்தந்த ஆண்டுக்குரியதையே எடுங்கள்.

நான்காம் படி: தொழிற்சாலைகள்

என் கணக்கில் இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சிவிலியன் தொழிற்சாலை கட்டடம் கட்டும். ராணுவத் தொழிற்சாலை ஆயுதம் செய்யும். கப்பல் தளம் கப்பல் கட்டும். தொடக்கத்தில் சிவிலியன் தொழிற்சாலைகளையே கட்டுங்கள், அவைதான் அடுத்தடுத்த கட்டடங்களை விரைவாக எழுப்பும். ஒரு கட்டுமானத்தில் 15 தொழிற்சாலைகளுக்கு மேல் வேலை செய்ய முடியாது. 1938 வாக்கில் ராணுவத் தொழிற்சாலைக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆயுத உற்பத்தியில் பொறுமை வேண்டும். ஒரே பொருளைத் தொடர்ந்து செய்தால் அந்த வரிசையின் திறன் நாளுக்கு நாள் ஏறும். இன்று துப்பாக்கி, நாளை டாங்கி என்று மாற்றினால் ஏறிய திறன் விழுந்துவிடும். துப்பாக்கி, பீரங்கி, துணைத் தளவாடம் என்று மூன்று வரிசை போட்டுவிட்டு அப்படியே விடுங்கள். எஃகு பற்றாக்குறை என்று காட்டினால் வணிகத் திரையில் வாங்கலாம். ஒரு சிவிலியன் தொழிற்சாலையைக் கொடுத்தால் 8 அலகு மூலப்பொருள் வரும்.

ஐந்தாம் படி: போர்க்களம்

இப்போது எத்தியோப்பியாவுக்கு வாருங்கள். வடக்கே எரித்திரியா, தெற்கே சோமாலிலாந்து, இரண்டிலும் உங்கள் டிவிஷன்கள் நிற்கின்றன. வடக்கே உள்ளவற்றைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்து ஒரு படையாக்கி, ஒரு தளபதியை நியமியுங்கள். ஒரு தளபதியால் 24 டிவிஷன் வரைதான் முறையாக நடத்த முடியும். தெற்கே இன்னொரு படை.

பிறகு எல்லையில் முன்னணிக் கோடு போடுங்கள். அங்கிருந்து தலைநகர் அடிஸ் அபாபாவை நோக்கித் தாக்குதல் கோடு இழுங்கள். உடனே தாக்க வேண்டாம். டிவிஷன்கள் கோட்டில் நின்று சில நாள் காத்திருந்தால் திட்டமிடல் பலன் சேரும், அது தாக்குதலுக்கு வலு கூட்டும். சேர்ந்த பிறகு அம்புக்குறியை அழுத்தினால் படை நகரும்.

சண்டை நடக்கும் இடத்தில் ஒரு வட்டம் தெரியும். பச்சை என்றால் உங்கள் கை ஓங்குகிறது, சிவப்பு என்றால் பின்வாங்கப் பாருங்கள். ஒழுங்கமைவு (சண்டையில் தாக்குப்பிடிக்கும் திறன்) தீர்ந்த டிவிஷன் சாகாது, பின்வாங்கி ஓய்வெடுத்துத் திரும்ப வரும். போக வழியில்லாமல் சூழப்பட்டால்தான் முழுதாக அழியும். அதனால் எதிரி டிவிஷன் ஒன்று துருத்தி நிற்கும் இடத்தில், நீங்களே இரண்டு டிவிஷன்களை எடுத்து அதன் பின்பக்கம் அனுப்பி வழியை அடையுங்கள்.

படை திடீரென்று மந்தமானால் முதலில் சப்ளை வரைபடத்தைப் பாருங்கள். அது மலைநாடு, ரயில் பாதை குறைவு. ஒரே இடத்தில் டிவிஷன்களைக் குவித்தால் அத்தனையும் பட்டினி கிடக்கும். சிலவற்றைப் பின்னுக்கு இழுத்தாலே முன்னால் நிற்பவை வேகம் பிடிக்கும்.

இதை ஆடும்போது ஒன்றை மனதில் வையுங்கள். உண்மையில் அடிஸ் அபாபா 1936 மே 5 அன்று விழுந்தது. அதற்கு முன் இத்தாலிய விமானங்கள் கடுகு வாயுவைப் பொழிந்தன, படைவீரர் ஊர்மக்கள் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி அந்த ஜூனில் ஜெனிவா போய், சர்வதேச சங்கத்தின் முன் நின்று அதைச் சொன்னார். திரையில் இது எதுவும் வராது. பச்சை வட்டம்தான் வரும். நீங்கள் நகர்த்தும் சின்னத்துக்கு அடியில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதை ஆடுபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஆறாம் படி: படையைத் திருப்புங்கள்

எத்தியோப்பியா சரணடைந்ததும் பலர் படையை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பிரிட்டனோடு போர் மூளும்போது சூயஸ் கால்வாய் மூடிவிடும், கிழக்கு ஆப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து எதுவும் போகாது. 1941-இல் நடந்ததும் அதுதான். எரித்திரியாவின் கெரென் மலைகளில், பிரிட்டன் பக்கம் போரிட்ட 4-ஆம், 5-ஆம் இந்திய டிவிஷன்கள் இத்தாலியரை உடைத்தன. தலைநகர் விழுந்து சரியாக ஐந்து ஆண்டு கழித்து, மே 5 அன்று, ஹைலி செலாசி அடிஸ் அபாபாவுக்குள் திரும்பி வந்தார்.

எனவே சூயஸ் திறந்திருக்கும்போதே காவலுக்குச் சில டிவிஷன்களை விட்டுவிட்டு மற்றவற்றைத் தேர்ந்து, இத்தாலியில் ஒரு துறைமுகத்தின் மேல் வலது சொடுக்குங்கள். கான்வாய் கப்பல்கள் (படையையும் சரக்கையும் ஏற்றிச்செல்பவை) இருந்தால் அவை தாமாகவே ஏறி வந்து சேரும்.