பிடிக்காத ஆளை எழுதுவது எப்படி? ஐரிஸ் மர்டாக்கிடம் கற்ற ஒரு பயிற்சி

கதையில் எரிச்சலூட்டும் சொந்தக்காரர் ஒருவரை எழுத உட்கார்ந்தால், நாலு வரியிலேயே அவர் கார்ட்டூன் ஆகிவிடுகிறாரா? எனக்கும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. உதவிக்கு வந்தவர் ஐரிஸ் மர்டாக். 1919இல் டப்ளினில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டாலும் தன்னை ஐரிஷ்காரி என்றே சொல்லிக்கொண்டவர். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்துக்கொண்டே நாவல் எழுதியவர். மொத்தம் 26 நாவல்கள். அன்பைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: நம்மைத் தவிர இன்னொன்றும் நிஜமாக இருக்கிறது என்று உணர்வது, மிக மிகக் கஷ்டப்பட்டு உணர்வது. இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். செய்து பாருங்கள்.

முதலில் அந்த ஆளைப் பற்றி மனசில் இருப்பதை அப்படியே கொட்டி எழுதுங்கள். நாகரிகம் பார்க்க வேண்டாம். கஞ்சன், வாயாடி, அற்பம், எது வந்தாலும் சரி. இது யாருக்கும் காட்டப்போகிற தாள் இல்லை.

அப்புறம்தான் மர்டாக்கின் மாமியார் வருகிறார். 1970இல் வந்த 'தி சாவரின்ட்டி ஆஃப் குட்' என்ற கட்டுரை நூலில் ஒரு மாமியார், ஒரு மருமகள். (உவமைக்கு ஆள் தேடிய ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதியும் கடைசியில் மாமியார் மருமகளிடம்தான் வந்து நின்றார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.) மருமகள் நல்லவள்தான், ஆனால் பக்குவம் போதாது, மரியாதை தெரியாது, பேச்சும் உடையும் சரியில்லை, மகன் தகுதிக்குக் கீழே கட்டிக்கொண்டுவிட்டான் என்பது மாமியாரின் எண்ணம். வெளியில் துளியும் காட்டிக்கொள்வதில்லை. மருமகள் வெளிநாடு போய்விட்டாள் என்றோ இறந்தே போய்விட்டாள் என்றோ வைத்துக்கொள்ளச் சொல்கிறார் மர்டாக். அதாவது இனி நடப்பதெல்லாம் மாமியாரின் மனசுக்குள் மட்டும். 'நான் பழைய காலத்து ஆள், எனக்குக் கொஞ்சம் அந்தஸ்துத் திமிர் உண்டு, பொறாமை நிச்சயம் உண்டு, எதற்கும் இன்னொரு தடவை பார்ப்போம்' என்று அவர் யோசிக்க யோசிக்க, மரியாதை தெரியாதவளாகத் தெரிந்தவள் மனசில் பட்டதைச் செய்கிறவளாகவும், சத்தக்காரியாகத் தெரிந்தவள் கலகலப்பானவளாகவும் தெரிய ஆரம்பிக்கிறாள். மருமகள் மாறவே இல்லை. பார்வைதான் மாறியது. இந்தப் பார்வைக்கு மர்டாக் வைத்த பெயர் கவனம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்லிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது.

உங்கள் இரண்டாவது தாளும் இப்படித்தான் தொடங்க வேண்டும், அந்த ஆளைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி. எனக்கு அவர்மேல் ஏன் கடுப்பு? எதில் பொறாமை? எழுதிவிட்டு, பண்பைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லாமல் அவர் செய்கிற காரியத்தை மட்டும் எழுதுங்கள். நான் எடுத்துக்கொண்டது என் சித்தப்பாவை. வீட்டுக்குள் வந்ததும் ஃபேனை அணைப்பார். முதல் தாளில் 'கஞ்சன்' என்று எழுதி முடித்துவிட்டேன். இரண்டாவதில், அவர் உட்காருவதற்கு முன்பே கை சுவிட்ச் போர்டுக்குப் போவதும், கிளம்பும்போது வாசலில் நின்று ஒவ்வொரு அறையாகத் திரும்பிப் பார்த்து உதட்டுக்குள் எண்ணுவதும் ஞாபகம் வந்தது. எண்ணுகிற முகத்தில் கஞ்சத்தனம் இல்லை, பயம் இருந்தது. என்ன பயம் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் கதை அங்கேதான் பிடிபட்டது.

ஒரு எச்சரிக்கை. இது ஆளை நல்லவராக்குகிற வேலை இல்லை. வெள்ளையடித்தால் அதுவும் உங்கள் கற்பனைதான், வெறுப்பைப் போலவே. 1978இல் புக்கர் பரிசு வாங்கிய மர்டாக்கின் 'தி சீ, தி சீ' நாவலைப் படித்தால் இது புரியும். ஓய்வுபெற்ற நாடக இயக்குநர் சார்லஸ் கடலோரத்துக்குக் குடிபோகிறார், பக்கத்து ஊரில் தன் முதல் காதலி வயதாகி, இன்னொருவர் மனைவியாக இருப்பதைப் பார்க்கிறார். காதல் என்ற பெயரில் அவளைத் தன் வீட்டிலேயே பூட்டி வைக்கிறார். வீட்டுக்குப் போகணும் என்று அவள் சொல்வது அவர் காதில் விழுகிறது, மனசில் ஏறவில்லை. அவர் கண்ணுக்கு அவள் தேவதை, ஆனால் எதிரே நிற்கிற பெண்ணை அவர் ஒருநாளும் பார்க்கவே இல்லை.

மனசு ரொம்பக் கொதித்தால் தாளை மூடிவிட்டு ஜன்னலுக்குப் போங்கள். மர்டாக் சொல்லும் உதாரணத்தில், தன்மானம் அடிபட்ட கடுப்பில் வெளியே பார்க்கும்போது ஒரு வல்லூறு காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கிறது, ஒரு நிமிஷம் அதைத் தவிர உலகில் வேறெதுவும் இல்லை, திரும்பி வந்தால் கடுப்பு சின்னதாகிவிட்டிருக்கிறது. வல்லூறு கிடைக்காவிட்டால் காக்காய் போதும்.

கடைசியாக, அந்த ஆளுக்கு ஒரு பக்கம் விட்டுக்கொடுங்கள். 1973இல் வந்த மர்டாக்கின் 'தி பிளாக் பிரின்ஸ்' நாவலில் கதைசொல்லி பிராட்லி தன் கதையை முடித்ததும், அதில் வந்த நான்கு பேர் பின்னுரை எழுதி ஆளுக்கொரு விதமாக அவரை மறுக்கிறார்கள். நான் சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் கொடுத்தேன். முதல் வரியிலேயே கேட்டார்: "அந்த ரூம்ல யாரு இருக்கா?"