ஏற்காட்டில் காட்டுப்பாதை ஓட்டம்: எங்கே தொடங்கலாம்?

முதல் தடவை என்றால் ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை போய்த் திரும்பினாலே போதும். போக ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் கோயில் 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நடந்துவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலை. தார் ரோடுதான், ஆனால் அதிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குள் பிரிகிற மண்பாதைகளில்தான் உண்மையான சுகம். தனியார் நிலம் என்பதால் வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கடியில் சருகு கணுக்கால் வரை கிடக்கும், கீழே கல் இருப்பது தெரியாது, நான் புரண்டு விழுந்ததே அப்படித்தான். இறக்கத்தில் சின்னச் சின்ன எட்டாக வையுங்கள்.

விடியற்காலையில் காட்டெருமை நிற்கும். கண்டால் ஓடாதீர்கள், செல்பியும் வேண்டாம், சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து வந்த வழியே திரும்புங்கள்.

ஐப்பசி மழையில் அட்டை ஏறும், அதனால் நீளமான சாக்ஸ் போடுங்கள். அப்புறம், மழை பெய்த கையோடு கிளியூர் அருவிப் பக்கம் இறங்க வேண்டாம்.